கருவளையத்துக்கு மூலிகை ஐ கிரீம்: வாங்குவதற்கு முன்பும் தடவும்போதும்

கருவளையம் போக என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பிப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த கிரீம் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கண்ணுக்குக் கீழே இருப்பது என்ன வகைக் கருமை, என்ன வகை வீக்கம் என்று தெரியாமல் கிரீம் வாங்குவது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரிதான், விழுந்தால் விழும். எனவே இந்தக் கட்டுரையில் கிரீம் பாதியில்தான் வரும். அதற்கு முன்னால் கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் "மூலிகை", "இயற்கை", "ஆயுர்வேதம்" என்று போட்டிருந்தால் அது கண்ணுக்குப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. எருக்கம்பாலும் மூலிகைதான், அதைக் கண் பக்கம் கொண்டுபோவோமா? அதேபோல ஆய்வகப் பெயர் கொண்ட எல்லாமே விஷமும் இல்லை. எதில் என்ன இருக்கிறது, அது நம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் கண்ணைத் துடையுங்கள்

சிரிக்காதீர்கள். தினமும் மை இடுபவர்களின் கருவளையத்தில் ஒரு பங்கு மைதான். வாட்டர்ப்ரூஃப் காஜல் தண்ணீருக்கும் ஃபேஸ்வாஷுக்கும் போகாது. கீழ் இமை ஓரத்திலும் கண்ணுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சுருக்கங்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நாள்பட நாள்பட அதுவே நம் தோல் நிறம் என்று பழகிவிடும்.

இரவில் ஒரு பஞ்சுத் துண்டில் நான்கைந்து சொட்டு தேங்காய் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ விட்டு, கண்ணை மூடி, இமை மேல் அப்படியே அரை நிமிடம் வைத்திருங்கள். தேய்க்க வேண்டாம். எண்ணெய் மையை இளக்கட்டும். பிறகு மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, லேசாக. பஞ்சைத் திருப்பிப் பாருங்கள், சாம்பலும் கறுப்புமாக ஒரு கோடு இருக்கும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை புதுப் பஞ்சால் இதையே செய்துவிட்டு, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். ஒரு வாரம் மை இடாமல் இதை மட்டும் செய்து பார்த்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறதோ அதைத்தான் கருவளையம் என்று கணக்கில் எடுக்க வேண்டும். சிலருக்கு இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

(வடநாட்டிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் சுர்மா என்ற கண்மையில் ஈயம் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு வேண்டாம்.)

கண்ணாடி முன் ஒரு பரிசோதனை

பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் ஒரு கைக்கண்ணாடியோடு போங்கள். குளியலறை பல்பு வேண்டாம். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் யாருக்குமே கண்ணுக்குக் கீழே நிழல் தெரியும்.

இப்போது கண்ணுக்குக் கீழே உள்ள தோலை விரலால் மெதுவாகக் கன்னப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பழுப்பு நிறம், காப்பிப் பொடி நிறம், இழுத்தாலும் தோலோடு சேர்ந்து நகர்கிறது, வெளுக்கவில்லை என்றால் அது நிறமி. தோலில் மெலனின் கூடுதலாகப் படிந்திருக்கிறது. நம் ஊர்த் தோலில் இதுதான் அதிகம், பெரும்பாலும் பரம்பரை. வீட்டில் அம்மா அப்பாவின் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இருபத்து மூன்று வயது அம்மாவின் முகத்தில் அதே வளையம் அதே இடத்தில் இருந்தால், உங்கள் தூக்கத்தையும் செல்போனையும் திட்டிப் பிரயோஜனமில்லை. அதை மங்கச் செய்யலாம், துடைத்து எடுக்க முடியாது.

நீலம், ஊதா, இளஞ்சிவப்பு கலந்த நிறம், இழுத்தால் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது என்றால் அது ரத்தக் குழாய்கள் தோல் வழியே தெரிவது. கண் இமைத் தோல் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன், உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். தூக்கம் குறைந்தால் தோல் வெளிறி, அடியில் உள்ளது இன்னும் துலக்கமாகத் தெரியும். மூக்கடைப்பு உள்ளவர்களுக்குக் கண்ணைச் சுற்றியுள்ள சிரைகளில் ரத்தம் தேங்கி இதே நிறம் வரும்.

மூன்றாவது, நிழல். மூக்கோரத்திலிருந்து கன்னம் நோக்கிச் சாய்வாக ஒரு பள்ளம் இறங்குகிறது அல்லவா, அது சிலருக்கு ஆழமாக இருக்கும், வயது ஏற ஏற எல்லோருக்கும் ஆழமாகும். முகத்தை மேலே தூக்கி வெளிச்சத்தைப் பாருங்கள். கருமை பட்டென்று குறைந்தால் அது தோலின் நிறமே இல்லை, பள்ளத்தில் விழும் நிழல். இதற்கு எந்தக் கிரீமும் ஒன்றும் செய்யாது, குங்குமப்பூவைக் கிலோ கணக்கில் அரைத்துப் போட்டாலும் சரி.

பலருக்கு இரண்டு மூன்று வகையும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வீக்கம் தனிக் கதை

காலையில் எழுந்ததும் கண் உப்பிப்போய் இருக்கிறது, பத்து பதினொரு மணிக்கெல்லாம் வடிந்துவிடுகிறது என்றால் அது நீர். படுத்திருக்கும்போது முகத்தில் தேங்கியது, எழுந்து நடமாடினால் இறங்குகிறது. முந்தைய நாள் இரவு கருவாட்டுக் குழம்போ, ஊறுகாயும் அப்பளமுமாகத் தயிர்சாதமோ சாப்பிட்டிருந்தால் மறுநாள் கண்ணில் தெரியும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். நாம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம்.

நாள் முழுக்க ஒரே மாதிரி, கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது, மேலே நிமிர்ந்து பார்த்தால் இன்னும் புடைக்கிறது என்றால் அது கொழுப்பு. கண்ணைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் கொழுப்பு, அதைத் தாங்கும் திசு தளர்ந்ததால் முன்னால் வந்திருக்கிறது. கிரீம் இதைத் தொடவே தொடாது. "ஏழே நாளில் கண் பை மறையும்" என்று யாராவது விற்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

கிரீமுக்கு முன் டாக்டர் யாருக்கு?

ஒரு கண் மட்டும் வீங்கிச் சிவந்து வலிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, பார்வை மங்குகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. கண் வீக்கத்தோடு காலும் வீங்குகிறது, சிறுநீர் நுரைத்துப் போகிறது என்றால் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தொடர்ந்து சில நாள் காலையில் கண் வீங்கியிருந்தால் "சூடு பிடிச்சிருக்கு" என்று விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். சோர்வு, எடை மாற்றம், முடி கொட்டுவது, கண் முன்னால் துருத்துவது எல்லாம் சேர்ந்திருந்தால் தைராய்டு.

சோகையையும் இங்கே சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தோல் வெளிறும்போது கண்ணடிக் கருமை எடுப்பாகத் தெரியும். கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் ஐ கிரீமுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது.

கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறவர்களும் கவனியுங்கள். லட்டனோப்ராஸ்ட், பிமட்டோப்ராஸ்ட் போன்ற சொட்டுகள் இமைத் தோலைக் கறுக்க வைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு.

அப்புறம் அலர்ஜி. என் அத்தைக்குப் பல வருடமாகக் கருவளையம். உருளைக்கிழங்கு, வெள்ளரி, ஏதேதோ ஜெல், எதற்கும் அசையவில்லை. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்ப்பது, பிறகு கையை முஷ்டியாக மடக்கிக் கண்ணைக் கசக்குவது, இது அவருடைய அன்றாடம். தோல் டாக்டர் கண்ணடியைப் பார்த்த கையோடு மூக்கைப் பற்றித்தான் கேட்டார். மூக்குக்கு வைத்தியம் பார்த்து, தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் போட ஆரம்பித்து, கசக்குவதை விட்ட பிறகுதான் நிறம் இறங்கியது. கண்ணைக் கசக்கக் கசக்க அந்த மெல்லிய தோல் தன்னைக் காத்துக்கொள்ள மெலனினைக் கூட்டும். கசக்கும் பழக்கம் நிற்காமல் மேலே என்ன தடவினாலும் வீண்.

சரி, கிரீம் வாங்கப் போவோம்

மூலிகை ஐ கிரீம்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள் கொஞ்சம்தான். அவற்றில் எது எதற்கு என்று தெரிந்தால் போதும்.

நிறமி வகைக்கு அதிமதுரம். லேபிளில் கிளைசிரைசா கிளாப்ரா என்று இருக்கும். அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் மெலனின் உருவாக உதவும் என்சைமைத் தடுக்கிறது. மூலிகைகளில் முதலில் நம்பிக்கை வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மஞ்சிட்டி, குங்குமப்பூ, சந்தனம் எல்லாம் பழைய தைலங்களிலிருந்து வந்தவை. கேட்க நன்றாக இருக்கும், கண்ணடிக் கருமைக்கு அவை தனியாக எவ்வளவு செய்யும் என்பதற்கு ஆதாரம் குறைவு. இவை எல்லாம் சேர்ந்த குங்குமாதி தைலம் நல்லெண்ணெய் அடிப்படையில் காய்ச்சுவது. வறண்ட தோலுக்கு இரவில் ஒரு சொட்டு பரவாயில்லை. எண்ணெய்ப் பசைத் தோலுக்கும், கண்ணடியில் வெள்ளையாகக் கடுகை விடச் சின்ன முத்துப் பருக்கள் வருகிறவர்களுக்கும் வேண்டாம். மிலியா என்று டாக்டர்கள் சொல்லும் அந்தப் பருக்கள் கனமான கிரீம், எண்ணெய்களால் இன்னும் கூடும்.

ரத்தக்குழாய் வகைக்கும் நீர் வீக்கத்துக்கும் காஃபீன். காப்பிக் கொட்டை, பச்சைத் தேயிலைச் சாறு என்று போட்டிருக்கும். ரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்கும், சில மணி நேரத்துக்கு. ஆனால் அந்த ஜெல்லைத் தடவியதும் தெரியும் பலனில் பெரும்பங்கு அதன் குளிர்ச்சியால்தான், அதனால் டியூபை ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள்.

கற்றாழை, பாதாம் எண்ணெய், வெள்ளரிச் சாறு: இவை ஈரப்பதத்துக்கு. குறைத்துச் சொல்லவில்லை. வறண்ட தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து கருமையைக் கூட்டிக் காட்டும், ஈரப்பதம் கிடைத்தாலே அன்றைக்கே முகம் தெளிந்த மாதிரி இருக்கும். ஐ கிரீம் போட்ட முதல் வாரத்தில் "வித்தியாசம் தெரியுது" என்று சொல்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பொருள்களை அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவது வழக்கம். முன்பக்கம் பெரிய எழுத்தில் குங்குமப்பூப் படம், பின்பக்கம் அது வாசனைப் பொருளுக்கும் கீழே கடைசியில் என்றால், நீங்கள் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். அலங்காரப் பொருளாக இருந்தாலும் ஆயுர்வேத, சித்த மருந்தாக இருந்தாலும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் தயாரித்து விற்க முடியாது. "கண் பகுதிக்கு" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், முகத்துக்கான கிரீமைக் கண்ணுக்கும் இழுக்கக் கூடாது. டப்பாவை விட டியூப் நல்லது, தினமும் விரலை விட்டு எடுக்க வேண்டியதில்லை. 15 கிராம் போதும், பெரிய சைஸ் வாங்காதீர்கள்.

வாசனை இல்லாதது முதல் தேர்வு. லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று இருப்பவை வாசனைத் தைலங்களிலிருந்து வருபவை, ரோஜாவும் லாவெண்டரும் எலுமிச்சையும் எவ்வளவு இயற்கையாக இருந்தாலும் இமைத் தோலுக்கு ஒவ்வாமை தருவதில் அவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. ஒவ்வாமையால் அரித்துச் சிவந்து ஆறிய இடம் மறுபடி கறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொடவே கூடாதவை

பெயரும் முகவரியும் இல்லாத, "ஒரே வாரத்தில் வெள்ளை" என்று சொல்லி வாட்ஸ்அப்பிலும் சில அழகு நிலையங்களிலும் கைமாறும் கிரீம்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது 2023-இல் செய்தியானது. காரணம் பாதரசம். அந்த நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று என்ன தெரியுமா, கண்ணைச் சுற்றி வீக்கம்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் ஸ்கின் கிரீம்கள் இன்னொரு வகை. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் இருந்தால் மூன்றும் கலந்த கலவை. முதல் பத்து நாள் பிரமாதமாக வெளுக்கும். தொடர்ந்து போட்டால் ஏற்கெனவே மெல்லிய தோல் இன்னும் மெலிந்து, ரத்தக் குழாய் வெளியே தெரிந்து, கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கண்புரைக்கும் வழிவிடும். ஏதாவது "மூலிகை" கிரீம் மூன்றே நாளில் மாயம் செய்தால் மகிழ்ச்சியடையாமல் சந்தேகப்படுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, டூத்பேஸ்ட் மூன்றும் கண் பக்கம் வரவே கூடாது. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். கார்போகரிசியும் இதே ரகம். பாகுசியோல் என்ற பொருளைப் போட்ட ஐ கிரீம்கள் இப்போது நிறைய வருகின்றன, அது கார்போகரிசியிலிருந்து எடுப்பது, நன்றாகச் சுத்திகரித்தது என்றால் பிரச்சினை இல்லை. அதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி இடித்துக் குழைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விதையில் சோரலன் இருக்கிறது, வெயிலோடு சேர்ந்தால் தோலில் நிறமியைத் தூண்டும். வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். கருமை குறைய வேண்டிய இடத்தில் அதைப் பூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது சேர்ந்த குளியல் பொடியையும் கண்ணைச் சுற்றித் தேய்க்காதீர்கள்.

வீட்டுக் கற்றாழை போடுவதாக இருந்தால், மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளே உள்ள ஜெல்லைக் கழுவிப் போடுங்கள். அந்த மஞ்சள் பால்தான் அரிப்புத் தருவது. அரைத்து வைத்துப் பல நாள் பயன்படுத்த வேண்டாம், தண்ணீர் உள்ள எந்த வீட்டுக் கலவையிலும் கிருமி சீக்கிரம் வளரும், கண்ணில் தொற்று வந்தால் கருவளையம் பெரிய கவலையாக இருக்காது.

முழங்கையில் ஒரு வாரம்

வாங்கிய அன்றே கண்ணில் தடவத் துடிக்கும். வேண்டாம். முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் உள்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலை, இரவு இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் தடவுங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரிய வேண்டும் என்பதில்லை, நாலைந்து நாள் கழித்துக்கூட அரிப்பு எழும். இந்த வாரத்தில் வேறு புது சோப்போ கிரீமோ ஆரம்பிக்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரியாது. கை அமைதியாக இருந்தால், வெளிக் கண் ஓரத்தில் எலும்பின் மேல் ஒரு சின்னப் புள்ளி, இரண்டு மூன்று நாள். அதுவும் சரியாக இருந்தால்தான் கண்ணடிக்கு.

இங்கே என் யோசனை ஒன்று. முதல் நான்கு வாரம் ஒரு கண்ணுக்கு மட்டும் போடுங்கள், இன்னொன்றைச் சும்மா விடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் தூக்கம், உப்பு, சளி, வெயில் எல்லாம் இரண்டு கண்ணுக்கும் பொதுவானது என்பதால், வித்தியாசம் வந்தால் அது கிரீமால்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் அடுத்த டியூப் காசு மிச்சம், நிறமி வகைக்கு மட்டும் பன்னிரண்டு வாரம் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடங்கும் நாளில் போட்டோ எடுத்து வையுங்கள். காலை, அதே ஜன்னல், முகம் கழுவி மை இல்லாமல், பின்பக்கக் கேமராவில் யாரையாவது எடுக்கச் சொல்லி. செல்ஃபி கேமரா நம்மைக் கேட்காமலே தோலை மெழுகிவிடும், பியூட்டி மோடை அணைத்துவிட்டேன் என்று நம்பாதீர்கள்.

தடவும் விதம்

இரவில் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் லேசாக இருக்கும்போதே தடவலாம். ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி மணி அளவு. அதற்கு மேல் வேண்டாம், அதிகம் தடவினால் அதிகம் வேலை செய்யாது, கண்ணுக்குள் இறங்கி எரியும், மறுநாள் வீங்கியும் இருக்கும். பலர் "கிரீம் போட்டும் வீக்கம் கூடிடுச்சு" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மோதிர விரல் நுனியில் கிரீமை எடுத்து, இன்னொரு கை மோதிர விரலால் தொட்டு இரண்டிலும் பரப்பிக்கொள்ளுங்கள், உடம்புச் சூட்டில் கொஞ்சம் இளகும். இப்போது கண்ணுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தால் குழி முடிந்து எலும்பு ஆரம்பிக்கும் விளிம்பு ஒன்று தட்டுப்படும். அந்த எலும்பின் மேல்தான் கிரீம். இமை முடி வேர் வரை கொண்டுபோகக் கூடாது, கிரீம் தானாகவே கொஞ்சம் மேலே ஏறும். வெளி ஓரத்திலிருந்து மூக்குப் பக்கமாக மெதுவாகத் தட்டித் தட்டி, தோல் இழுபடாமல். மேல் இமைக்கு என்று லேபிளில் சொல்லியிருந்தாலொழிய அங்கே வேண்டாம். தடவிவிட்டு உடனே குப்புறப் படுக்காமல் இருபது நிமிடமாவது உட்கார்ந்திருங்கள்.

நீர் வீக்கம் உள்ளவர்கள் இரவில் கனமான கிரீமைத் தவிர்த்து, காலையில் குளிர்ந்த ஜெல்லாகப் போடுவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முதலில் லென்ஸ், பிறகு கிரீம். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் லேபிளில் ரெட்டினால், ரெட்டினைல் என்று எதுவும் இல்லையா என்று பாருங்கள், "ஹெர்பல்" என்று போட்டுவிட்டு உள்ளே அதைச் சேர்ப்பவர்கள் உண்டு.

கிரீமோடு கூடவே

நிறமி வகைக் கருமைக்கு சன்ஸ்கிரீன் இல்லாமல் ஐ கிரீம் போடுவது ஒரு கையால் துடைத்து மறு கையால் பூசுவது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு அடிப்படையிலானது கண்ணில் எரிச்சல் குறைவாகத் தரும். காலையில் ஐ கிரீம் காய்ந்த பிறகு அதே எலும்பு விளிம்பு வரை தடவுங்கள். வண்டியில் போகிறவர்களுக்குக் குளிர்க்கண்ணாடி இன்னும் நல்லது, வெயிலுக்கும் தூசிக்கும் சேர்த்து.

நீர் வீக்கத்துக்கு இரண்டு ஸ்பூன்களை ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் குவிந்த பின்பக்கத்தை மூடிய கண் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் பாதி கிரீம்கள் செய்வதை அது செய்துவிடும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஐஸை நேராகவும் வைக்காதீர்கள், அந்தத் தோல் தாங்காது. இரவில் இன்னொரு தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். வெள்ளரித் துண்டும் ஆறிய தேயிலைப் பையும் இதே கணக்குதான், குளிர்ச்சி வேலை செய்கிறது. வெள்ளரி வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்பது கூடுதல் வசதி.

எவ்வளவு நாள்?

ஈரப்பதத்தால் வரும் தெளிவு சில நாளில் தெரியும். காஃபீன் அன்றன்றைக்கு. நிறமி குறைவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், அதுவும் தினமும் போட்டால். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னலில் போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு ஒரு நாள் குறைந்தது என்கும், மறுநாள் கூடியது என்கும். பன்னிரண்டு வாரத்திலும் இரண்டு போட்டோவையும் வேறு ஒருவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கிரீம் உங்களுக்கு வேலை செய்யவில்லை. தீர்ந்ததும் இன்னொரு டியூப் வாங்க வேண்டாம்.

தடவியதும் இரண்டொரு நொடி லேசாகச் சுருக்கென்றால் கவனித்துக்கொண்டே தொடரலாம். அரிப்பு, சிவப்பு, தோல் உரிதல், இமை தடித்தல், கண்ணில் நீர் வடிதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, ஆறும்வரை எதுவும் போடாதீர்கள். இரண்டு நாளில் தணியாவிட்டால் தோல் டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள், போட்டோக்களும் போனில் இருக்கட்டும், கண்ணுக்குப் போடும் சொட்டு, தலைக்குப் போடும் டை, பழைய கண்மை எல்லாவற்றின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். டையில் உள்ள பிபிடி என்ற சாயப் பொருள் தலையில் ஒன்றும் செய்யாமல் இமையில் வீக்கமாக வெளிப்படுவது உண்டு, அதை டாக்டர் கேட்டால்தான் பலருக்கு நினைவே வரும்.